பெயர் சொல்லாதவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தென்மாவட்டப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியன். எங்கள் பள்ளியின் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. சென்ற மாதம் பயிற்சி குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கல்லூரி மாணவர் அனைவருக்கும் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை என்று அதில் சொல்லியிருந்தீர்கள். மொழி கற்பிக்கும் விஷயத்தில் மட்டும் நம் பள்ளிகள் ராணுவத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். “ஊரைத் தாண்டாத பையன் படையில் சேர்ந்து ஆறே மாதத்தில் இந்தி பேசுகிறான், பத்து வருடம் ஆங்கிலம் படித்தவன் ஒரு வாக்கியத்துக்குத் திணறுகிறான்” என்பது உங்கள் வரி.

அதன் பிறகு பெயரும் முகமும் இல்லாதவர்கள் உங்களைப் போட்டு உதைக்கிறார்கள். துப்பாக்கியைத் தொட்டிராதவர் படையைப் பற்றிப் பேசலாமா என்கிறார் ஒருவர். இந்தித் திணிப்புக்கு ஆள்பிடிக்கிறீர்கள் என்கிறார் இன்னொருவர். தேசப்பற்று இல்லாதவர் என்கிறார் மூன்றாமவர். நீங்கள் ஏன் வாயே திறக்கவில்லை? இவர்களுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறீர்களா?

எனக்கும் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. என் மாணவர்களில் என்.சி.சி.யில் இருப்பவர்கள் நேரத்துக்கு வருகிறார்கள், நிமிர்ந்து நிற்கிறார்கள், சொன்னதைச் செய்கிறார்கள். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்தால் என்ன தப்பு?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

பதில் சொல்லக் கூடாது என்று நான் வைத்திருக்கவில்லை. வந்தவை எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. வாய் திறக்காததற்குக் காரணம் அவற்றில் ஒரு கடிதம். அதற்கு என்ன பதில் சொல்வதென்று மூன்று வாரமாகத் தெரியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் துப்பாக்கி. நான் தொட்டதில்லை, உண்மை. ஆனால் கட்டாயப் பயிற்சி வந்தால் மைதானத்தில் போய் நிற்கப்போகிறவன் கல்லூரி மாணவன். அவனைப் பெற்றவர்கள் அதைப் பற்றிப் பேசலாம், அவனுக்குப் பாடம் சொல்லும் நீங்கள் பேசலாம், நானும் பேசலாம். நம் அரசியலமைப்பு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்திருக்கிறது. படைக்கான பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்குகிறது. படையைப் பற்றிய கடைசி முடிவு சீருடை அணியாதவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று இந்த நாடு தெரிந்தே எடுத்த முடிவு அது. பக்கத்து நாடுகளில் அந்த முடிவு குலைந்தபோது என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறோம். ஆகவே ‘தொட்டவன் மட்டும் பேசு’ என்பதை என்னால் ஏற்க முடியாது.

என் அப்பா படையில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அதைக் கட்டுரையில் நான் எழுதவில்லை. அவர் உழைப்பைக் காட்டி என் கருத்துக்கு மதிப்புத் தேடிக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது சொல்லவேண்டி வந்ததற்கும் அந்த ஒரு கடிதம்தான் காரணம்.

கட்டாயப் பயிற்சி நாம் செய்து பார்க்காத ஒன்று அல்ல. 1962இல் சீனாவுடன் நடந்த போரில் பட்ட அடி நாட்டை உலுக்கியது. மறு வருடமே கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது. 1968இல் அது மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. அடுத்த வருடம் அதற்கு மாற்று வழியாக நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. ஐந்து வருடமே தாங்கிய ஏற்பாடு அது. கட்டாயம் வேண்டும் என்று இப்போது கேட்பவர்கள் அந்த ஐந்து வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவ்வளவு பெரிய படைக்கும் இந்தியர்களைக் கட்டாயமாகச் சேர்க்கவில்லை. பலரைப் பசிதான் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் சட்டம் போட்டு இழுக்கவில்லை. இன்றைய அக்னிபத் திட்டத்தில் நாலு வருடப் பணிக்குப் பிறகு நாலில் மூன்று பேர் வீடு திரும்ப வேண்டும். அதன் மீது எனக்கு வேறு கேள்விகள் உண்டு. அதுவும் விரும்பிச் சேர்வதுதான்.

உங்கள் மாற்றுக் கருத்துக்கும் இங்கேயே வருகிறேன். உங்கள் என்.சி.சி. பிள்ளைகளிடம் நீங்கள் பார்க்கும் ஒழுங்கு உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விடிகாலையில் எழுந்து, பித்தளை பக்கிளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கஞ்சி போட்ட சீருடையில் வந்து நிற்கும் பையனைப் பார்த்தால் எனக்கும் மனம் நிறைகிறது. ஆனால் அவன் தானாகக் கை தூக்கி உங்களிடம் வந்தவன். வகுப்பில் எத்தனை பேர் கை தூக்கினார்கள், உங்களுக்கு எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேரை இடமில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கட்டாயம் கேட்பதற்கு முன்னால், கை தூக்கி நிற்கிற எல்லோருக்கும் இடம் கேட்போம். அந்தக் கோரிக்கையில் நான் உங்களோடு நிற்கிறேன்.

இனி மொழி. இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது இதில்தான்.

‘இந்தித் திணிப்புக்கு ஆள்பிடிக்கிறார்’ என்று எழுதியவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்துக்கு வரலாறு உண்டு. 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பள்ளிப் பாடத்திட்டத்தைப் பற்றிய தீர்மானம் என்றுதான் அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். என்.சி.சி. கட்டளைச் சொற்கள் இந்தியில் இருக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. அன்றைய மாணவர்களுக்கு மைதானத்தில் கேட்ட ‘சாவ்தான்’ (நேராக நில்) வெறும் கட்டளையாகக் காதில் விழவில்லை. மூன்று வருடம் முன்பு, 1965இல், அதே மொழிக்காகத் தமிழ்நாட்டுத் தெருக்களில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. உங்கள் மைதானத்தில் இன்றும் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ (இளைப்பாறி நில்) தான் என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தீர்மானத்தைக் கட்டுரையில் நான் குறிப்பிடாதது குறை. படையையும் மொழியையும் சேர்த்துத் தமிழில் எழுதுகிறவன் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

கட்டுரையில் மெட்ராஸ் ரெஜிமெண்டைப் பற்றியும் எழுதியதற்காகத் தேசப்பற்று இல்லாதவர் என்று சொன்னவருக்கு ஒன்றே ஒன்று. 1758இல் தொடங்கும் வரலாறு கொண்ட அந்தப் படைப்பிரிவு, குன்னூர் வெலிங்டனில் மையம் கொண்டது. அதன் போர் முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’. அதன் ஜவான்களைப் படை முழுவதும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறது. ராணுவத்தின் ‘சைனிக் சமாச்சார்’ இதழ் தமிழிலும் வெளிவந்திருக்கிறது. தன் ஆட்களின் மொழியை இளம் அதிகாரி கற்றுக்கொள்ள வேண்டும் என்பது வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வரும் மரபு. இத்தனையையும் படைக்குள்ளேயே வைத்திருக்கும் நாட்டில் தமிழைப் பற்றிப் பேசுவது எப்படித் தேசத்துக்கு எதிராகும்?

இப்போது அந்தக் கடிதம்.

அதிலும் பெயர் இல்லை. எழுதியவர் பணியில் இருக்கும் படைவீரர். ஊரோ பிரிவோ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயரில்லாமல் வருவதை எல்லாம் நம் ஊரில் மொட்டைக் கடிதம் என்று ஒரே கூடையில் போட்டுவிடுவோம். நானும் அப்படிப் போட்டுப் பழகியவன்தான். ஆனால் 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 21ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. பணியில் இருப்பவர் அரசியல் பற்றியோ படை சார்ந்த விஷயம் பற்றியோ மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிட முடியாது. என்னைத் திட்டியவர்கள் பெயரை மறைத்தது ஏனென்று எனக்குத் தெரியாது, போகட்டும். இவருக்கு அது வேலை. பென்ஷன். ஊரில் இவர் அனுப்பும் பணத்தை நம்பி இருக்கிற குடும்பம். பெயர் போட்டு எழுதும் சௌகரியம் எனக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை.

அவர் எழுதியது சுருக்கமாக இது: ஆறு மாதத்தில் அவர் இந்தி பேசவில்லை. ஆறு மாதத்தில் இந்தியில் சொன்னதைச் செய்யப் பழகினார். பயிற்சி தரும் உஸ்தாத் வாயைத் திறக்கும் முன்பே அடுத்த சொல் என்னவென்று கால் தெரிந்துகொண்டது. வாய்க்கு அதன் பிறகு இரண்டரை வருடம் ஆனது. நடுவில் இருந்த காலத்தில் அவர் யாரென்று உடன் இருந்தவர்களுக்குத் தெரியாது. ஊரில் நாலு பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்த பையன், அங்கே ‘சுப்சாப்’ என்று பெயர் வாங்கினார். வாய் பேசாதவன் என்று அர்த்தம். ஒருநாள் இரவு வயிற்றுவலி. டாக்டர் அன்பாகத்தான் கேட்டார். இவருக்கு வலிக்கு ‘தர்த்’ என்ற ஒரு சொல்தான் தெரியும். குத்துகிறதா, பிசைகிறதா, சுருட்டிப் பிடிக்கிறதா, எரிகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று எதையும் சொல்லத் தெரியவில்லை. கையை வைத்துக் காட்டினார். வைத்த இடத்திலேயே வலிக்கவும் இல்லை, அங்கிருந்து முதுகுக்குப் போகும் வலி அது. ‘போகிறது’ என்று காட்டக் கையால் முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

கடைசியில் ஒரு வரி: “ஐயா, இதைத்தான் பள்ளிக்கூடத்தில் வைக்கச் சொல்கிறீர்களா?”

ம., எனக்கு இதற்குப் பதில் இல்லை. என் வாதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

நான் எழுதும்போது மனதில் வைத்திருந்தது அமெரிக்க ராணுவத்தின் மொழிப்பள்ளி. 1941 நவம்பர் 1 அன்று சான்பிரான்சிஸ்கோவில், கைவிடப்பட்ட ஒரு விமானக் கொட்டகையில், 4 ஆசிரியர்களும் 60 மாணவர்களுமாக ஜப்பானிய மொழி கற்பிக்கத் தொடங்கியது அது. ஐந்து வாரத்தில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. அந்தப் பள்ளிதான் பிறகு கலிபோர்னியாவின் மான்டரேயில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் மொழிகளைக் கேட்டுக் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கற்பித்த முறை பின்னால் உலகம் முழுக்கப் பள்ளிகளுக்குப் போனது. இதைப் பெரிய வெற்றியாகக் காட்டியிருந்தேன்.

இரண்டு விஷயங்களை விட்டுவிட்டேன். அந்த 60 பேரில் இருவர் தவிர மற்றவர்கள் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள். வீட்டில் அம்மா பேசிய மொழியின் மிச்சம் காதில் இருந்தவர்கள். அவர்கள் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர்களைப் போன்றோரின் குடும்பங்களை அரசு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பியது. ராணுவ மொழிப்பயிற்சியின் வெற்றிக்குப் பின்னால் பொறுக்கி எடுத்த மாணவர்கள், சின்ன வகுப்பு, நாள் முழுக்க அதே வேலை என்று நிறைய இருக்கின்றன. முறை அவற்றில் ஒன்றுதான். இன்னொன்று, அந்த முறை பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடந்தது. மனப்பாடமாகச் சொன்ன உரையாடலைக் கிளி மாதிரி ஒப்பித்த பிள்ளைகள், சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுபோனார்கள். எழுபதுகளுக்குள் அந்த முறை மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது. இதெல்லாம் எனக்கு எழுதும்போதே தெரியும். வாதத்தின் ஓட்டத்தில் விட்டுவிட்டேன். படைவீரர் தன் வயிற்றுவலியை வைத்துச் சொன்னதும் இதேதான்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்க 44 வாரம், 1100 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. படித்த, விரும்பி வந்த, வேறு வேலை இல்லாத பெரியவர்களுக்கு இவ்வளவு. ‘ஆறே மாதத்தில்’ என்று நான் எழுதியது எவ்வளவு மலிவான வார்த்தை என்று அந்த எண்ணைப் பார்த்தபோது உறைத்தது.

அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவர், வடக்கே பயிற்சி. தமிழ் ஆட்கள் குறைவாக இருந்த இடம் என்று அம்மா சொல்வார். பெட்டிக்குள் கோடு போட்ட நோட்டு ஒன்று இருப்பது எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். இடப்பக்கம் இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதி, வலப்பக்கம் அர்த்தம். ‘தாஹினே முட் – வலப்பக்கம் திரும்பு.’ ‘தேஜ் சல் – வேகமாக நட.’ ‘தம் – நில்’ என்று எழுதி, அதன் கீழே பொடி எழுத்தில், ‘நம்ம தம் இல்லை, மூச்சு விட்டுச் சொல்லணும்.’ முதல் ஆறேழு பக்கம் இப்படிக் கட்டளைகள். நான் கட்டுரை எழுதும்போது இந்தப் பக்கங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அப்பா எவ்வளவு சீக்கிரம் கற்றார் என்று பெருமையாக நினைத்தேன்.

இந்த முறை கடைசிப் பக்கங்கள் வரை பார்த்தேன். கட்டளைகள் முடிந்த பிறகு சொற்கள் சிதறிக் கிடக்கின்றன. நமக் – உப்பு, ஜூதா – ஷூ, பீமார் – நோய்ப்பட்டவன். அப்புறம் வெற்றுப் பக்கங்கள். அப்புறம் ஒரு விடுப்பு விண்ணப்பம். ‘ஸ்ரீமான் ஜீ, ஸவினய் நிவேதன் ஹை கி’ (ஐயா, பணிவுடன் தெரிவிப்பது என்னவென்றால்) என்று தமிழ் எழுத்தில் தொடங்கி, இரண்டாவது வரியில் நின்று, குறுக்கே கோடு. கீழே மறுபடி அதே தொடக்கம், மூன்று வரி, குறுக்கே கோடு. மூன்றாவது முறை பக்கத்தின் அடி வரை போயிருக்கிறது. யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்க வேண்டும், கை வேகமாக ஓடியிருக்கிறது. தேதி போட்டிருக்கிறார். நான் பிறப்பதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

அப்பா என்னை முதலில் பார்த்தது எனக்கு நாலு மாதம் ஆனபோது. இதை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். ஏன் தாமதம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விடுப்பு மறுக்கப்பட்டதா, எல்லையில் ஏதாவது நடந்துகொண்டிருந்ததா, விண்ணப்பமே இரண்டு கோட்டுக்குப் பிறகுதான் போனதா, தெரியாது. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. இந்தி பேச ஆறு மாதம் போதும் என்று எழுதியவன், தன் வீட்டு நோட்டில் விண்ணப்பத்தின் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் இதைச் சொல்கிறேன். மைதானத்தில் 30, 40 சொல் போதும். ஒரு மொழியில் ஒருவருக்கு நிஜமாகவே தேவைப்படுவது வலியைச் சொல்வதும், மறுப்பதும், கேட்டுப் பெறுவதும். உங்கள் வகுப்பில் ‘பொருள் தருக’வுக்குப் பத்து மதிப்பெண் வாங்கும் பிள்ளையால் தன் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு மனு எழுத முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். தமிழிலேயே முடியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

படைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே ஏதாவது செய்ய முடியுமா என்று இப்போது யோசிக்கிறேன். 2024இல் மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வை முதல்முறையாகத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தினார்கள். நல்ல காரியம், பல வருடக் கோரிக்கை. தமிழில் எழுதித் தேறிய பையன் பிறகு பயிற்சி மையத்தில் போய் நிற்கும்போது உள்ளே இருப்பது இந்தி. அவனுக்குக் கிளம்பும் முன் ஒரு மாதம், மருத்துவமனையில் பேச, விடுப்புக் கேட்க, சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று விசாரிக்க, தன்னை அவமதிக்கும் ஒருவனிடம் ‘அப்படிப் பேசாதே’ என்று சொல்ல யாராவது கற்றுக்கொடுக்கலாம். இது திணிப்பு ஆகாது. ஓய்வுபெற்ற படைவீரர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிற ஊர்கள் நம்மிடம் உண்டு, அவர்களால் முடியும். அவன் பிரிவில் இருக்கும் அதிகாரியும் நாலு வார்த்தை தமிழ் கற்றால் பாதி தூரம் குறையும். அந்தப் பழைய மரபை எல்லாப் பிரிவிலும் எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

கட்டுரையில் ‘ஆறே மாதத்தில்’ என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிட்டேன். 1968 தீர்மானத்தைச் சேர்த்திருக்கிறேன். கட்டாயப் பயிற்சி வேண்டாம் என்ற பகுதி அப்படியே நிற்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எடுத்த பத்தியின் இடத்தில் அந்தப் படைவீரர் எழுதியதை, அடையாளம் எதுவும் தெரியாதபடி, அவர் சொற்களிலேயே முழுதாகப் போட விரும்புகிறேன். இங்கே நான் சுருக்கிச் சொன்னதற்கு அவர் ஒப்புதல் தந்திருக்கிறார். முழுதாகப் போடலாமா என்று கேட்டு எழுதி ஒன்பது நாள் ஆகிறது. அவர் இருக்கும் இடத்தில் சிக்னல் கிடைக்கும்போதுதான் படிப்பார். அதுவரை அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

அன்புடன்.